வாசலுக்கு நேரே நின்ற தூண்

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் மூன்று பேர். அப்பாவிடம் இருந்த நிலமோ ஒரே ஒரு துண்டு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பிரதான வீதியை ஒட்டி, பின்னால் மலைச்சரிவு, முன்னால் பஸ்களின் புகை. அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கோழிக்கூடு கட்டலாம், அவ்வளவுதான். அதனால் அப்பா மேலே பார்த்தார். கண்டியில் நிலத்துக்குத்தான் விலை, வானத்துக்கு இன்னும் யாரும் வேலி போடவில்லை என்பது அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. ஒரு மகளுக்கு ஒரு மாடி என்று முடிவு செய்தார்.

கீழே அப்பாவின் துணிக்கடை. கடை கட்டும்போது மேலே ஒரு மாடி போதும் என்றுதான் அத்திவாரம் போட்டிருந்தார். அதில் அப்பாவும் அம்மாவும் நாங்களும் இருந்தோம். அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது இரண்டாம் மாடி எழும்பியது. அக்காவும் கணவரும் இரண்டு குழந்தைகளும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பிறகு எனக்கு மூன்றாம் மாடி. மாடி வந்தால் மாப்பிள்ளையும் தானாக வருவார் என்று அப்பா நம்பினார். மாடி வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. வந்த இரண்டொருவரும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மரியாதையாகப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த மூன்றாம் மாடியில் புத்தகங்களோடும் பூச்சட்டிகளோடும் குடியிருந்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், சந்தோஷமாகவே குடியிருந்தேன்.

மொட்டை மாடியில் நாலாவது மாடிக்கென்று தூண்களின் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள். அது தங்கச்சியின் பங்கு. அவளுக்குக் கல்யாணம் கூடும்வரை அம்மா அந்தக் கம்பிகளில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லையே. உயரமான கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிற இன்ஜினியர் நான். காற்று அடித்தால் எவ்வளவு ஆடும், நிலம் அசைந்தால் எந்தத் தூண் முதலில் கையை விரிக்கும், கம்பியை எவ்வளவு நெருக்கமாகச் சுற்ற வேண்டும், இதுதான் என் பிழைப்பு. அப்பாவுக்கு இதில் பெருமை அதிகம். சேலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க நடு மகதான் கொழும்புல பெரிய பெரிய பில்டிங்குக்கெல்லாம் கணக்குப் போடுது" என்பார். அந்த மகள் தலைக்கு மேலே உள்ள சொந்தக் கட்டடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும், "ஏம்மா, இது வீடு. நீ படிச்சது பில்டிங்குக்கு" என்று அடைத்துவிடுவார்.

எங்கள் கட்டடத்தின் நோயைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை, கண் இருந்தால் போதும். மேலே மூன்று மாடியும் செங்கல் சுவரும் அறையுமாகக் கனமாக, இறுக்கமாக நிற்கின்றன. கீழே கடை. கடையென்றால் சுவர் இருக்கக்கூடாது, கண்ணாடிதான் இருக்க வேண்டும், தெருவில் போகிறவனுக்குச் சேலை தெரிய வேண்டும். ஆக மூன்று மாடிப் பாரமும் மெலிந்த சில தூண்களில் நிற்கிறது. நிலம் பக்கவாட்டில் ஆடினால் மேலே உள்ள மாடிகள் ஒரே பெட்டி போல நகரும், வளைகிற வேலை முழுக்க அந்தக் கண்ணாடித் தளத்தின் தூண்கள் தலையில் விழும். நம்மூரில் பிரதான வீதியோரத்தில் எழும்பி நிற்கிற கட்டடங்களில் முக்கால்வாசி இதே சாதிதான். மேலே குடும்பம், கீழே வியாபாரம், நடுவில் கடவுள் பாரம்.

கண்டிக்குக் கிட்டவே உள்ள திகனப் பக்கம் நிலம் இடைக்கிடை அதிர்கிறது என்று செய்தி வரத் தொடங்கிய காலம் அது. பெரிய அதிர்வு ஒன்றும் இல்லை. இருந்தும் கடையில் பேச்சு அதுவாகவே இருந்தது. அங்குள்ள அணைக்கட்டில் தேங்கிய தண்ணீரின் பாரம் என்றார் ஒருவர். கல் உடைக்கிறவர்கள் வைக்கிற வெடி என்றார் இன்னொருவர். கலி முற்றிவிட்டது என்றார் அம்மா. அப்பாவிடம் ஆண்கள் உடுத்துகிற சாரத்தை மொத்தமாக வாங்கிப் போகிற திகன முஸ்லிம் வியாபாரி ஒருவர் நேரிலேயே அனுபவப்பட்டவர்.

"மொதலாளி, அலுமாரியில இருந்த கோப்பையெல்லாம் கடகடண்டு ஆடிச்சி. பொஞ்சாதி புள்ளையளத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டா. நான் பின்னால ஓடினேன்" என்றார்.

"நம்ம பக்கம் அதெல்லாம் வராது. இது பாறை" என்றார் அப்பா, தரையைக் காலால் தட்டிக்காட்டி. அவர் தட்டிய இடத்துக்குக் கீழே பாறை இல்லை, சரிவை நிரவுவதற்காகக் கொட்டிய மண். கொட்டியவரும் அவர்தான்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒன்றும் கூடவில்லை. மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போனதும் அம்மா ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். மனிதர் நெற்றி நிறையத் திருநீறும் கை நிறையப் போனுமாக வந்தார். போனில் இருந்த திசைகாட்டியைக் கடையின் நாலு மூலையிலும் காட்டினார். கடைசியில் வாசலுக்கு நேரே உள்ள நடுத்தூணின் முன்னால் வந்து நின்று உச்சுக்கொட்டினார்.

"வாசல் குத்துது. வர்ற நல்லதெல்லாம் வாசலோட திரும்பிப் போகுது. இந்தத் தூண் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல மங்களம் நடக்காது."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மனிதருக்கு மகளின் கல்யாணம் கூடியே விட்டது போல ஒரு பூரிப்பு. ஏனென்றால் அந்தத் தூணோடு அவருக்குப் பழைய பகை. கல்லாவில் உட்கார்ந்தால் வாசல் தெரியாமல் மறைக்கிறது, கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளே உள்ள பட்டு தெரியவில்லை என்று வருடக்கணக்காகப் புலம்பி வந்தார். வேறு வழியில்லாமல் அதற்கே ஒரு கூறைச் சேலையைச் சுற்றி, நகையும் போட்டு, பொம்மைபோல நிறுத்தியிருந்தார். இப்போது வியாபாரத்துக்கும் சாஸ்திரத்துக்கும் ஒரே எதிரி.

கட்டட வேலை செய்கிற மேசன் பாஸ் வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுதானே சேர், எடுத்துரலாம். குறுக்க ஒரு இரும்பு வச்சா யானைகூட நிக்கும்" என்றார். யானை நிற்கும்தான். ஆனால் எங்கள் வீட்டில் யானை இல்லை. அக்கா இருந்தார், அவர் கணவர் இருந்தார், குழந்தைகள் இரண்டும் இருந்தன, மேலே இன்னொரு மாடியும் வர இருந்தது.

அன்று மாலை அப்பாவிடம் பேசப் போனேன்.

"அப்பா, மூணு மாடியே அதிகம். நடுத்தூணையும் எடுத்துட்டு நாலாவதையும் ஏத்தினா, ஒரு நாளைக்கு நல்லா ஆடிச்சுன்னா கடைதான் முதல்ல உட்காரும். மேல உள்ளவங்க எல்லாம் அதோட வருவாங்க."

"கொழும்புல நாப்பது மாடி நிக்குது, ஓங் கணக்குலதானே நிக்குது?"

"அதுக்கு அடியில இருந்தே கணக்குப் போட்டிருக்கோம்."

"அப்ப இதுக்கும் போடு."

"போட்டேன் அப்பா. நிக்காது."

"அப்ப திருப்பிப் போடு" என்றார்.

என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான கட்டளையை எந்த முதலாளியும் எனக்குப் போட்டதில்லை. அம்மாவிடம் போனேன். அம்மா காய்கறி நறுக்குவதை நிறுத்தாமல், "தங்கச்சிக்கு நடக்கப் போகுதுன்னா ஒனக்கு ஏன் பொறுக்கல?" என்று கேட்டார். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தூணை எடுப்பதற்கு ஒரு நல்ல நாள் குறித்தார்கள். உடைப்பதற்கும் சுபநேரம் பார்க்கிற மக்கள் நாங்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாத்தளையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. பேச்சுக் குறைவு. அதற்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார். நல்ல மழை. இருக்கிற மாடிகளில் என்னுடையதுதான் துப்புரவானது, தட்டுமுட்டு இல்லாதது என்பதால் எல்லோரையும் அங்கேயே ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் என் சொந்தக் கதிரையை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் பால்கனியை, பூச்சட்டிகளை, திரைச்சீலைகளை எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"நாலாவது மாடி இதே மாதிரித்தான் வருமா?" என்று கேட்டார்.

"இதைவிட நல்லா வரும்" என்றார் அப்பா.

தங்கச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அப்போது தட்டில் இருந்த கோப்பைகள் கிலுங்கின. பயத்தில் கை நடுங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள், மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கண்ணாடி அலுமாரி கிலுங்கியது. மின்விசிறி ஆடியது. காலுக்கு அடியில் தரை, பெரிய லொறி ஒன்று வீட்டுக்குள்ளேயே போவது மாதிரி உறுமியது. சில விநாடிதான். மனது தானாகக் கீழே உள்ள தூண்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது.

"கீழ! கீழ!" என்று அப்பா கத்தினார். எல்லோரும் படிக்கட்டில் உருண்டு விழாத குறையாக ஓடினோம். இரண்டாம் மாடியில் அக்கா ஒரு குழந்தையையும், அவர் கணவர் மற்றதையும் தூக்கிக்கொண்டார்கள். அம்மா எதையும் விட்டாலும் நகைப்பையை விடவில்லை.

கீழே வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? கடைக்குள் போய் நின்றார்கள். வெளியே மழை, பட்டுச்சேலை நனைந்துவிடும். தரைக்குத்தான் வந்தாயிற்றே, இனி விழ என்ன இருக்கிறது என்ற நிம்மதியில் பெருமூச்சு வேறு விட்டார்கள். முழுக் கட்டடத்திலும் நிற்கக்கூடாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து, மொத்தக் குடும்பமும் வரிசையாக நின்றது. அதிலும் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் வாசலுக்கு நேரே உள்ள அந்தத் தூணை, சேலையோடும் நகையோடும் சேர்த்து, ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று எழுதும்போது வருகிறது. அன்று, "வெளிய போங்க! ரோட்டுக்குப் போங்க! மறுபடி ஆடும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"மழைம்மா" என்றார் அப்பா, தூணை விடாமல்.

அக்காவின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வீதியைக் கடந்து எதிரே உள்ள பஸ் ஹோல்ட்டுக்கு ஓடினேன். பிள்ளை போனதால் அக்கா வந்தார், அக்கா போனதால் கணவர் மற்றதோடு வந்தார். தங்கச்சி செருப்பில்லாமல் நனைந்து வந்தாள். கொஞ்சம் தள்ளி மாப்பிள்ளையும் வந்தார். அன்றைக்கு அவர் செய்த ஒரே புத்தியுள்ள காரியம் அது. பெரியவர்கள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எங்களை வா வா என்று கைகாட்டினார்கள். நாங்கள் அவர்களை வா வா என்றோம். மறுபடி ஆடவில்லை. அப்பா அதைத் தன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றியாக இன்றும் எடுத்துக்கொள்கிறார்.

திரும்பி உள்ளே போனபோது மாப்பிள்ளையின் அம்மா தூணை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூண் கூரையைத் தொடுகிற இடத்தில் பூச்சில் ஒரு மெல்லிய வெடிப்பு. பக்கத்துத் தூணிலும் ஒன்று.

"இது முந்தியே இருந்ததா?" என்று என்னைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை, வாயை மூடு என்பதற்கு எங்கள் வீட்டில் வழங்குகிற பார்வை. நான் மூடவில்லை. இல்லை, இப்போது வந்தது, இந்தத் தளம் பலவீனமானது, ஒரு மாடிக்குப் போட்ட அத்திவாரத்தில் மூன்று நிற்கிறது, நாலாவது ஏறக்கூடாது, இந்தத் தூணை வரும் வாரம் உடைக்கப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு சேலை மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சியின் முகம் செத்துப்போனது. ஒரு கல்யாணத்தை உண்மை பேசிக் கெடுத்துவிட்டேன் என்றே நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி.

"அப்ப நாலாவது மாடி வேணாங்க. பாரந்தானே" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒருவர் என் கணக்கை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

"மூணாவது மாடி கட்டித்தானே இருக்கு" என்று தொடர்ந்தார். "நல்லா இருக்கு, நல்ல காத்து. நடு மக ஒண்டி ஆள்தானே. அதுக்கு எதுக்கு முழு மாடி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது, ஒரு மரியாதைக்காவது, அது அவளுடைய வீடு என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார், அதோடு சரி. என் வயதில் கல்யாணமாகாதவளுக்குச் சொத்து என்பது அடுத்தவளுக்குக் கல்யாணமாகும்வரை கொடுக்கிற இரவல்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனால் தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் ஆசை இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. மேலே இரண்டாம் மாடியில் தூங்கப் போகிற இரண்டு குழந்தைகள் இருந்தன.

சரி, நான் வெளியே வாடகைக்குப் போய்க்கொள்கிறேன் என்றேன். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, எனக்கும் பேரம் பேசத் தெரியும். நடுத்தூணை ஒருவரும் தொடக்கூடாது. கீழ்த்தளத்துத் தூண்கள் அத்தனைக்கும் அத்திவாரத்திலிருந்தே புதுக் கம்பி சுற்றிக் கொங்கிரீட் போட்டுப் பருமனாக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அங்கேயும் பின்பக்கமும் கம்பியோடு கொங்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். மொட்டை மாடியில் நீட்டி நிற்கிற கம்பிகளை அறுத்துவிட வேண்டும். வேலை முடியும்வரை கடையைச் சாத்த வேண்டும், மேலே யாரும் குடியிருக்கக்கூடாது.

மகளை வீட்டைவிட்டு அனுப்புவதற்குத் தொண்டையைச் செருமியதோடு நின்ற அப்பா, ஓரத்துக் கண்ணாடி போகப் போகிறது என்றதும் கண் கலங்கினார். "பக்கவாட்டுல வர்றவங்களுக்குச் சேலை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். இந்த இடத்தில் தங்கச்சி எனக்காகப் பேசினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"அக்கா சொல்றத செய்யாட்டி நான் கல்யாணம் கட்ட மாட்டேன்" என்றாள். மூன்றாம் மாடி வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று மாலை என்னைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, திரைச்சீலைகளை விட்டுவிட்டுத்தானே போவேன் என்று கேட்டாள்.

விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வரைபடம் நானே போட்டேன். மேசன் பாஸ் வளையக் கம்பிகளை இவ்வளவு நெருக்கமாகக் கட்டினால் கொங்கிரீட் உள்ளே போகாது என்று முணுமுணுத்தார். சின்னக் கல் போட்டுக் கலக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். விடுமுறை எடுத்துக்கொண்டு சீமெந்துத் தூசியில் குளித்தேன். எந்தப் பெரிய கட்டடத்துக்கும் நான் இப்படி நாயாய் அலைந்ததில்லை. கடை இப்போது அப்பா சொல்வதுபோல ஒரு குகைதான். ஆனால் நல்ல குகை. மறுபடி நிலம் ஆடினால் அவர்கள் எல்லோரும் படியிறங்கி வெளியே வருவதற்கு அது நேரம் கொடுக்கும். வெளியே வருவார்களா என்பதற்கு நான் பொறுப்பில்லை. அப்பா புதுச் சுவரில் ஆணி அடித்துச் சேலை தொங்கவிட்டிருக்கிறார். யார் கேட்டாலும், பூகம்பம் வந்தாலும் அசையாத கடை, தானே யோசித்துக் கட்டியது என்கிறார்.

நான் பேராதனைப் பக்கம் ஒரு தனி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். தகரக் கூரை, மேலே ஒரு மாடியும் இல்லை.

தங்கச்சி குடிபோவதற்கு முன்னால் அம்மா அந்த வாஸ்துக்காரரை மறுபடி கூட்டி வந்திருக்கிறார். தூணை எடுக்கவில்லை, எடுக்காதது மட்டுமல்ல, அது முன்னைவிட இரண்டு மடங்கு பருத்துப்போய் வாசலுக்கு நேரே நிற்கிறது. கல்யாணமோ கூடிவிட்டது. மனிதர் எப்படிச் சமாளிப்பார் என்று எனக்கும் ஆவல். அன்று மாலையே அம்மா போன் எடுத்தார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரும்மா. தூணால ஒண்ணும் இல்லியாம். தோஷம் மூணாவது மாடியில இருந்துச்சாம். இப்ப போயிருச்சாம்."

அம்மா இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். குரலில் அவ்வளவு நிம்மதி. என்ன சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. எனக்கு வாயில் நூறு பதில் வந்தது.

"புள்ளைங்க ரெண்டும் தூங்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது மாடியில நல்லாத் தூங்குதுங்க."

"அது போதும்மா" என்றேன்.

போதவில்லை.